முகம் பார்க்காத பேரம்

முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் நீட்டினாய் பார், அந்த இடத்திலேயே நீ திருடன் என்பது தெரிந்துபோயிற்று. வியாபாரம் செய்ய வந்தவன் என்றால் வெயிலில் வந்து எதிரில் நின்றிருக்க வேண்டும், மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருக்க வேண்டும், சுழியைக் குறை சொல்லியிருக்க வேண்டும், வேண்டாம் போ என்று கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டும். நீயோ, முட்டியை அறுத்துத் தைத்துக் கிடந்த ஒரு மனுசன் வலி தாங்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட நேரமாகப் பார்த்து வந்தாய். கண்ணை மூடியிருந்தவனிடம் பேசி முடித்ததெல்லாம் பேரமா? எந்தச் சந்தையில் போய் இதைச் சொல்வாய், எந்தத் தரகன் ஒப்புவான்?

நொச்சிக்காட்டு மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும், விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, கணுவை அழுத்தினால் ஒரு கணக்கு, உள்ளங்கையைத் தடவிவிட்டால் கட்டாது போ என்று அர்த்தம், ஐந்து விரலையும் சேர்த்து மடக்கி அமுக்கினால் முடிந்தது என்று அர்த்தம், சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு முகங்கள் தெரியுமே தவிர வேறு ஒரு எழவும் தெரியாது. அப்படித் துண்டு போட்டுப் பேசிவைக்கிற தரகர்களில் நாச்சிமுத்துவை மிஞ்ச ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர், மாட்டிடம் பாதி மனுசனிடம் பாதி என்று உதைபட்டே தொழில் படித்தவர். துண்டைப் போடுமுன் இரண்டு பேரையும் பார்த்து, "மொகம் பாத்தாச்சா?" என்று அதட்டுவார். "பாத்தாச்சுங்" என்று இரண்டு பேரும் சொன்ன பிறகுதான் துண்டு விழும். முகம் பார்க்காத பேரம் செல்லாது, அது அந்தச் சந்தையின் சட்டம். மாட்டோடு கயிறு சேர்த்தியா இல்லையா என்பதையும் துண்டுக்குள்ளேயே பேசிவிட வேண்டும், அது இன்னொரு சட்டம். நாச்சிமுத்து பேசினால் கயிறு மட்டுமா வரும், கழுத்து மணியும் கட்டுத்தரையில் மிச்சமிருக்கிற சோளத்தட்டும் சேர்ந்துதான் வரும். கொசுறு வாங்காமல் எழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நடந்து நடந்தே அவருடைய வலது முட்டி தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழ முடியாமல், எழுந்தால் உட்கார முடியாமல் ஆனபோது, டவுன் ஆஸ்பத்திரியில் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு இரும்பு மூட்டு வைத்தார்கள். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை, பழைய மூட்டை எடுத்துக்கொண்டு புதுசுக்குக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார்.

ஆபரேசன் வலி ஒரு வலி என்றால், வீட்டுக்கு வந்தபிறகு நஸ்ரின் கொடுத்த வலி ஒன்பது வலி. நஸ்ரின் தாராபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பிசியோதெரபி பெண், சின்ன உருவம், ஆனால் குதிகாலைப் பிடித்துத் தள்ளினால் மூக்கணாங்கயிறு பிடித்துப் பழகியவரே கத்திவிடுவார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்கச் சொல்வாள். குதிகாலைக் கட்டிலோடு இழுத்து மடக்கச் சொல்வாள்.

"இன்னும் மடக்குங்கப்பா."

"மடக்குனாப் போதுமா கண்ணு, உசுரையும் அவுத்துக் குடுத்தர்றனா?"

"உசுரு நீங்களே வெச்சுக்கோங்க. முட்டியக் குடுங்க."

"பத்துத் தடவைங்கற. அஞ்சுல முடிச்சுக்கலாம். உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், ஏழு."

"இது சந்தை இல்லீங்கப்பா. முட்டிகிட்டப் பேரம் பேசுனா அது அப்படியே இறுகிக்கும்" என்று சிரித்துக்கொண்டே தள்ளுவாள். "வலி வர்ற வரைக்கும் மடக்கணும், வந்தா அங்கயே சித்த நேரம் நிக்கணும். வலிதானுங்கப்பா எல்லைக்கல்லு. அதைத் தாண்டிப் போகவும் கூடாது, அதுக்கு முந்தியே திரும்பவும் கூடாது."

பயிற்சி முடிந்ததும் ஐஸ் பையை முட்டிமேல் வைத்து, அதன்மேல் துண்டைப் போர்த்திவிட்டுக் கை கழுவ வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போவாள். அவருடைய மனைவி பழனாத்தாள் அவளுக்குக் காப்பி ஆற்றுவாள். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் சிவரஞ்சனி, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று இடுப்பு கடுக்கிறது என்பாள். வீட்டை ஒட்டி, அதே ஓட்டுக் கூரைக்குக் கீழே, கட்டுத்தரையில் நிறைசினையாகச் செவலை மாடு அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு முற்பகலில், நழுவிய ஐஸ் பையைச் சரிசெய்ய நாச்சிமுத்து கண்ணை மூடியபடி துண்டுக்குள் கையை விட்டார். உள்ளே இருந்த கை அவர் விரலைப் பிடித்தது.

திடுக்கிடவில்லை. ஆயுசு முழுக்கத் துண்டுக்குள் கையை விட்டால் இன்னொரு கை இருந்திருக்கிறது, இல்லாமல் இருந்தால்தான் அவருக்கு அதிசயம். அந்த உள்ளங்கையில் ரேகை ஓடவில்லை, இப்போதுதான் பிறந்த கன்றின் குளம்பைப் போல வழுவழுவென்று குழைந்து கிடந்தது. அது அவருடைய முட்டியை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டு அவர் சுண்டுவிரலைப் பிடித்தது. இந்த வலியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்கிறது. விரல்பேச்சு தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? வேறொருவர் என்றால் அங்கேயே கையை மடக்கியிருப்பார்கள். நாச்சிமுத்து, முதல் கேள்விக்குத் தலையாட்டிப் பழகாதவர், உள்ளங்கையைத் தடவிவிட்டார். கட்டாது. அந்தக் கை மோதிர விரலுக்கு ஏறியது. இன்னும் மேலே வா என்றார். வந்தது. என்ன தருவாய் என்று கேட்க வேண்டிய மனுசன், எவ்வளவு எடுத்துக்கொள்வாய் என்றே கேட்டுக்கொண்டு போனார், வலி போவது லாபம் என்று மட்டும் பார்த்தார். கடைசியில் அந்த உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டார். சந்தையில் அதற்குக் கட்டுத்தரையோடு என்று பெயர், கூரைக்குக் கீழே நிற்கிற அத்தனையும் என்று பெயர். கட்டைவிரலையும் சுண்டி இழுத்தார், கயிறும் சேர்த்தி.

அந்தக் கை சட்டென்று ஐந்து விரலையும் மடக்கி அமுக்கிவிட்டுப் போயிற்று. அவ்வளவு அவசரமாக முடிக்கிறவன்தான் லாபம் பார்த்தவன் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முட்டியில் வலி இல்லை. மாட்டு உதை வாங்கிய பழைய விலாவிலும் வலி இல்லை. சமையலறையில் பழனாத்தாள் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "ஏனுங், பல்லுவலி பொட்டுனு நின்னுபோச்சுங்" என்றாள். சிவரஞ்சனி வாசற்படியில் நிமிர்ந்து நின்று, "எனக்கும் இடுப்பு வலி இல்லீங்கப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தேகம் எங்கே போய் நிற்கும்?

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ரேசன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்ற சேதியை எடுத்துக்கொண்ட மாதிரிதான். கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, வரிசை எங்கே என்று கேட்டார்கள். நாச்சிமுத்து முட்டிமேல் துண்டைப் போட்டு உட்கார, வருகிறவர்கள் கையை உள்ளே விட, உள்ளே இருந்து அந்தக் கை வந்து வாங்கிக்கொண்டு போயிற்று, மூட்டுவலி, முதுகுவலி, மூலம், ஒற்றைத் தலைவலி, மருமகளைப் பெற்றவன் பேசிய பேச்சில் நெஞ்சுக்குள் வந்த வலி, எல்லாம். சந்தையில் அவருக்குப் போட்டித் தரகரான கொமாரசாமிதான் வரிசையைக் கட்டி மேய்த்தார். புகையிலை போட்ட கையை விடக் கூடாது, துண்டைத் துவைக்கக் கூடாது, கணவன் வலியை மனைவி விற்கக் கூடாது என்று அவராகவே சட்டம் போட்டார்.

"ஏனுங் மாமா, எம்பட வலிய என்ன வெலைக்குப் போட்டீங்க?" என்று யாரோ கேட்டதற்கு, "உன்ற வலிய இனாமா வாங்கறதுக்கே அந்தக் கை யோசிச்சுதப்பா. நாங்கதான் காலப் புடிச்சு ஒப்பேத்துனோம்" என்றார் கொமாரசாமி. வரிசையே சிரித்தது. மருந்துக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அவரும் வரிசையில் வந்து நின்றார்.

நஸ்ரின் மட்டும் நிற்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் காலை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது கட்டைவிரல் வீங்கிக் கிடந்தது.

"விட்டுப்போடு கண்ணு, உள்ள கையக் குடு" என்றார் நாச்சிமுத்து.

"வேண்டாங்கப்பா. இது வலிச்சாத்தான் நான் எவ்வளவு அமுக்கறேன்னு எனக்குத் தெரியும்."

அவள் பயிற்சி கொடுக்கவும் பயந்தாள். முட்டி மடங்குகிறது, மடங்கிக்கொண்டே போகிறது, எங்கே நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை அவளுக்கும் தெரியவில்லை. அவள் வராத நாட்களில் அவராகவே மடக்கினார், வாக்கரை மூலையில் போட்டுவிட்டுச் சந்தை வரைக்கும் நடந்தார். அவள் மறுபடி வந்து வேட்டியை ஒதுக்கிப் பார்த்தபோது தையல் விட்டு, சதை பிளந்து, ரத்தம் செருப்பு வரைக்கும் இறங்கிக் காய்ந்திருந்தது. அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

இட்லிக் கடை வெள்ளையம்மாள் கொதிக்கிற ஆவியில் கையை வைத்துக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியிடம் கதை பேசினாள், தோல் உரிந்து தட்டில் விழுந்தபிறகுதான் பேச்சை நிறுத்தினாள். கருவேல முள் காலில் ஏறியதே தெரியாமல் நடந்தவர்கள் சீழ் நாற்றம் வந்தபிறகு தெரிந்துகொண்டார்கள். அதையும் ஊர் எடுத்துக்கொண்டது. பொழுது சாயும் முன் ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்துக்கொள்வது என்று வழக்கம் வைத்தார்கள். வருசக் கணக்காக ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்காத புருசன் பெண்டாட்டிகள் எதிரெதிரே உட்கார்ந்து, உள்ளங்கை, உள்ளங்கால், நாக்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளின் விரலைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார். வலி இல்லாததற்கு இந்தச் சிரமம் பெரிசா என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொண்டார்களே தவிர, பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி பார்த்தார்கள். எந்த இடத்தில் என்ன இருக்குமோ என்கிற பயம், தன் உடம்பே தனக்குச் சொல்லாமல் எதையோ ஒளித்து வைத்திருக்கிறது என்கிற பயம்.

செவலை மாடு கன்று போட்டது. படுக்கவில்லை, கத்தவில்லை, கண்ணை உருட்டவில்லை, சோளத்தட்டை மென்றுகொண்டே நின்றது, கன்று சறுக்கி வந்து தரையில் விழுந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு அழகான கிடேரிக் கன்று. பழனாத்தாள் மஞ்சள் தெளித்துக் கும்பிட்டாள். ஆனால் கன்று மடியைத் தேடவில்லை. அம்மா என்று ஒரு குரல் கொடுக்கவில்லை. பசியும் ஒரு வலிதான் என்பது அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காம்பை வாயில் வைத்தால் பால் கடைவாயில் வழிந்தது. அடுத்த நாள் அது வேலிப் பக்கம் போய் முள்கம்பியில் காலைக் கொடுத்துவிட்டு, இழுத்து இழுத்து எலும்பு தெரிந்தபிறகும் இழுத்துக்கொண்டே, இவர்களைச் சாதுவாகப் பார்த்தது. நாச்சிமுத்து ஓடிப்போய்க் காலை விடுவித்தபோது அதற்கு உயிர் இல்லை. கண் மட்டும் அதே சாதுவாகப் பார்த்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் சிவரஞ்சனி நின்றாள். அவள் கன்றைப் பார்த்தாள், அப்புறம் தன் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க துண்டுக்குள்ள பேசுனப்ப நானும் இந்தக் கூரைக்குக் கீழதானுங்களே நின்னுட்டிருந்தேன்?"

அவள் வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

"நான் மட்டும் நிக்கலீங்களே."

சொன்ன நாள் தாண்டியும் அவளுக்குப் பிரசவ வலி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில், அதற்கென்ன, ஆபரேசன் செய்து எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்துவிடலாம். எடுத்து வைத்தபிறகு அது அழுமா? பால் வேண்டும் என்று அழுமா? எறும்பு கடித்தால் அழுமா? கண்ணுக்குள் விரலை விட்டால் நிறுத்தச் சொல்லி உள்ளே இருந்து எது சொல்லும்? டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர், பயப்படாதீர்கள் என்றார். பயப்படாமல் வேறு என்ன செய்வது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் முட்டிமேல் துண்டைப் போட்டு உள்ளே கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வரவில்லை. வாடா என்று கூப்பிட்டார். வாங்க சாமி என்று கெஞ்சினார். நீ கேட்கிற எதையும் தருகிறேன் என்று விரலை விரித்து வைத்தார், விலை சொல்லாமல் விரலை விரித்தது ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. துண்டுக்குள் அவருடைய முட்டியும் அவருடைய கையும்தான் இருந்தன.

ஆபரேசன் தியேட்டருக்கு வெளியே மர பெஞ்சில் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், மறுபடி தைத்த முட்டி, பக்கத்தில் வாக்கர், மேலே துண்டு. கதவோரம் பழனாத்தாள் குழந்தையை வாங்கப் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். நஸ்ரின் வேலையை விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மாடு இல்லாத சந்தைக்கு யாராச்சும் வருவாங்களா?"

"என்ன சொல்ற?"

"உங்க ஊர்ல யார்கிட்டயும் சரக்கு இல்லீங்கப்பா. எல்லாரும் வித்துட்டாங்க. எங்கிட்ட இருக்கு" என்று வீங்கிய கட்டைவிரலைக் காட்டினாள்.

"வேண்டாம் கண்ணு. உன்ற பொழப்பே அந்த வெரல்லதான் இருக்குது."

"விக்கறதுக்கு இல்லீங்க. காட்டறதுக்கு."

அவள் துண்டுக்குள் கையை விட்டாள், உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. பயத்தில் கண்ணை மூடப் போனாள்.

"கண்ண மூடாத!" என்று அதட்டினார் நாச்சிமுத்து. "என்ற மொகத்தப் பாரு. நான் மூடுனதுனாலதான் இத்தனையும்."

அவள் அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுடைய முகம் வெளுத்தது. "அப்பா, வந்துருச்சு. ரேகை இல்ல..."

நாச்சிமுத்து பாய்ந்து பிடித்தார். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிற பிடி, உதைத்தாலும் இழுத்தாலும் விடாத பிடி. நஸ்ரின் கையை உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். துண்டு மேலும் கீழும் எகிறியது. வராண்டாவில் நின்றவர்கள் விலகினார்கள்.

"மொகத்தக் காட்டு" என்றார். அந்தக் கை அவர் உள்ளங்கையைத் தடவியது, கட்டாது என்றது. "கட்டாதுன்னு சொல்றதுக்கு நீ யாரு? மொகம் பாக்காத பேரம் எந்தச் சந்தையிலயும் செல்லாது. அவுத்துடு. கட்டுத்தரையோட அவுத்துடு. கயிறும் சேத்தி!"

முட்டிக்குள் ஒரு ஊசி இறங்கியது. அப்புறம் ஒரு கடப்பாரை இறங்கியது. அறுத்த இடம், தைத்த இடம், பிளந்த இடம், மறுபடி தைத்த இடம், விற்ற நாளிலிருந்து சேர்ந்திருந்த அத்தனையும் ஒன்றாக வந்து இறங்க, நாச்சிமுத்து வராண்டா அதிரக் கத்தினார். கத்திக்கொண்டே சிரித்தார். கதவோரத்தில் பழனாத்தாள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ என்ற பல்லு" என்று குனிந்தாள். திருப்பிக் கொடுக்கிறாய். கொடுக்க முடியும் உன்னால்.

அப்போதுதான் கதவு திறந்தது. நர்ஸ் கையில் குழந்தை இருந்தது, பெண் குழந்தை, சிவப்பாக, முழுசாக, ஒரு குறையும் இல்லாமல். நர்ஸ் அதன் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வேகமாக நடந்தாள், மறுபடி சுண்டினாள், பலமாகச் சுண்டினாள். குழந்தை அழவில்லை. கண்ணைத் திறந்து, சாதுவாக, எல்லாரையும் பார்த்தது.

நாச்சிமுத்துவின் பிடிக்குள் அந்த வழுவழுத்த கை நழுவப் பார்க்கிறது. அவர் விடவில்லை, முட்டி தெறிக்கிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அந்தக் கண்ணை அவர் மூடவில்லை. கிழவன் கிழவி வலியை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையின் வலியை முடிந்துகொண்டு போகலாம் என்று பார்க்கிறாயா? கிழவன் வலியை வைத்துக்கொள், ஊர் வலியை வைத்துக்கொள், வேண்டுமென்றால் இதுவரைக்கும் அவர் பட்ட உதையெல்லாம் சேர்த்துக் கொசுறாக எடுத்துக்கொண்டு போ. அது உன்னிடம் பேரம் பேசவில்லை. அது துண்டுக்குள் கையை விடவில்லை, உன் விரலைப் பிடிக்க அதற்கு அப்போது ஒரு விரல்கூட வெளியே வந்திருக்கவில்லை. செய்த அநியாயத்தை இப்போதே, இந்த வராண்டாவிலேயே, நாலு பேர் பார்க்க நேர்செய்துவிட்டுப் போ. முகத்தைக் காட்டாவிட்டால் போகிறது. அந்தப் பிள்ளையின் அழுகையைக் கொடு. கொடுத்துவிட்டுக் கையை எடு.